கூலண்ட் ஊற்றும் லாவகம்

அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மனை ஊஞ்சலில் தரிசிக்கத் திரளும் ஜனங்களும், பௌர்ணமியன்று கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலை நோக்கி விரையும் பக்தர்களும் கணிசமாகச் செஞ்சியைக் கடந்தே போய்வருவதால், அவ்வூரின் சாலையோரத்து மெக்கானிக் ஷெட்டுகளுக்கு மாதந்தோறும் இரண்டு திருவிழாக்கள் உண்டு. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து, எதிர்க்காற்றின் தயவு கிடைக்காமல், பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் உமிழும் ராஜகிரி, கிருஷ்ணகிரிக் கோட்டைக் குன்றுகளின் அனலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு கொதித்துப்போன கார்கள், பானெட்டைத் திறந்து ஆவி கக்கியபடி அங்கே வந்து நிற்கும்.

வெடித்த ஹோஸை மாற்றுவதும், கசியும் வாட்டர் பம்ப்பைக் கழற்றிப் புதிது பூட்டுவதும், ரேடியேட்டரின் அடைப்பை எடுப்பதும் கைப்பழக்கமுள்ள எவருக்கும் வசப்படும் காரியங்கள். நான் ரசிப்பது அதற்கு அப்பால் நடப்பதை. பழுதெல்லாம் தீர்ந்து, காலியாகிக் கிடக்கும் இன்ஜினுக்குள் மறுபடியும் கூலண்ட் நிரப்புகிறார்களே, அந்த நிதானமான வித்தையை. ஊற்றுவதில் என்ன வித்தை இருக்கிறதென்று கேட்பவர்கள், குளத்தில் குடத்தை நேராக அமுக்கிப் பார்க்கட்டும். சற்றே சாய்த்துக் காற்றுக்கு வழி விட்டால்தான் அது 'களக் களக்' என்று ஏப்பமிட்டு நீரை ஏற்கும்.

குழாயில் நீரேற்றுவது செஞ்சிக்குப் புதிதன்று. கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் மேல்மாடங்களுக்குச் சுடுமண் குழாய்களின் வழியே தண்ணீர் போயிருக்கிறது. ஆனால் வாய் திறந்த குழாயில் நீரே காற்றைத் தள்ளிக்கொண்டு போய்விடும். காரிலோ சுற்று முழுவதும் மூடியது. இன்ஜினின் உள்வழிகள், ரேடியேட்டர், டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஹீட்டர் காயில், இவற்றுக்கிடையே மேடும் பள்ளமுமாக வளைந்து செல்லும் ஹோஸ்கள் என்று காற்று பதுங்க இடங்கள் அநேகம். நாலைந்து லிட்டர் கொள்ள வேண்டிய சிறிய கார் மூன்றரை லிட்டரிலேயே நிறைந்ததுபோலத் தோன்றினால், மிச்சத்தைக் காற்று ஆக்கிரமித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். இதற்கு 'ஏர் லாக்' என்று பெயர். காற்று உஷ்ணத்தை வாங்கிச் செல்லாது; ஆகவே அது நின்ற இடத்தில் இரும்போ அலுமினியமோ தகிக்கத் தொடங்கும்; சென்சார் அந்தக் காற்றுக்குள் சிக்கினால் மீட்டர் முள் சாதுவாகப் பொய் சொல்லும்; கடைசியில் ஹெட் கேஸ்கட் போகும்.

கைதேர்ந்தவர் முதலில் காரின் மூக்கைச் சற்று மேடான இடத்தில் ஏற்றி நிறுத்துவார், ரேடியேட்டரின் வாயே சுற்றின் உச்சியாகும்படி. பிறகு, அக்கினி நட்சத்திரத்து நடுப்பகலானாலும், ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்புவார். செஞ்சியில் பிறந்த காருக்கு ஆயுளில் அந்தத் திருகின் உபயோகம் இந்த ஒரு தினத்தில்தான் என்று நான் வேடிக்கையாக நினைப்பதுண்டு. ஹீட்டர் காயிலுக்குள்ளும் திரவம் ஓடி அங்கிருக்கும் காற்றைக் கிளப்புவதற்காகவே இந்த ஏற்பாடு.

ஊற்றுவது நூல் பிடித்தாற்போல மெல்லிய தாரை. பாறைக்கிணற்றின் உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பாய்ப் படியுமென்பதால் டிஸ்டில்ட் வாட்டரையும் கூலண்டையும் சரிபாதியாகக் கலந்து வைத்திருப்பார். பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று முன்பிருந்த ரகத்தையே தேடி வாங்கச் செய்வார். இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸைப் பிடித்துப் பிடித்து விடுவார். ஒவ்வொரு பிடிக்கும் ரேடியேட்டரின் வாயில் குமிழிகள் மேலெழும்.

வண்டிக்காரர் பொறுமையிழந்து, "அவ்வளவுதானே, மூடிடலாமே?" என்பார்.

"இருங்க சார், இன்னும் வால்வு திறக்கல. மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க, ஜில்லுனு இருக்கு."

தெர்மோஸ்டாட் வால்வு 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். அந்தக் கணம்தான் இந்தக் கச்சேரியின் உச்சம். அதுவரை குளிர்ந்திருந்த ஹோஸ் திடீரென்று கையைச் சுடும். நிறைந்திருந்த மட்டம் மளமளவென்று கீழிறங்கும். பெரிய குமிழிகள் இரண்டு மூன்று வெடிக்கும். "ஊத்துடா தம்பி" என்றவுடன், அதற்காகவே காத்திருந்த சிறுவன் தாரையைத் தொடர்வான். ஃபேன் தானாகச் சுழன்று, நின்று, மறுபடியும் சுழலும்வரை மூடியைத் திருக மாட்டார்கள். சிந்தியதைத் துணியால் துடைத்துத் தண்ணீரடித்துக் கழுவுவதும் இந்த வித்தையின் அங்கமே. எத்திலீன் கிளைகால் தித்திக்கும் விஷமாகையால், நக்கிய நாய் பிழைப்பது துர்லபம்.

நகரத்துப் பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் சுற்றிலிருக்கும் காற்றை முதலிலேயே கம்பிரஸர் உதவியால் உறிஞ்சிவிட்டு, அந்த வெற்றிடத்துக்குள் கூலண்டைத் தானே பாயவிடும் கருவி வந்திருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சில நிமிஷங்களில் காரியம் முடிகிறது, பிசகும் குறைவு. ஆனால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்க அதில் எதுவுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

ரேடியேட்டர் மூடியின் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருக்கும். அது தாங்கும் அழுத்தத்தினால்தான் 107 டிகிரியில் கொதிக்க வேண்டிய கலவை ஏறக்குறைய 125 வரை பொறுத்துக்கொள்கிறது. அதனாலேயே சூடான வண்டியின் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். அதே மூடிக்குள் இன்னொரு சிறு வால்வும் உண்டு. இரவில் இன்ஜின் ஆறித் திரவம் சுருங்கும்போது, பக்கத்து டப்பாவிலிருந்து கூலண்டைத் திரும்ப உள்ளே இழுக்க வழி விடுவது அது. நல்ல மெக்கானிக் வண்டியை ஓர் இரவு தங்கவைத்துக்கொள்வது இதைச் சோதிக்கத்தான். காலையில் டப்பாவின் மட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் கண் மேல் ஹோஸுக்குப் போகும். அது சப்பையாக ஒட்டிக் கிடந்தால், ஒரு வார்த்தை பேசாமல் புது மூடி வாங்கி வரப் பையனைக் கடைக்கு அனுப்புவார்.