பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்குங்க!

போன மாதம் கோவையில் ஒரு கல்லூரியின் புகைப்படக் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். நான் படித்தது பி.காம். முதலாமாண்டு மாணவனுக்கும் ஐந்தொகைக்கும் என்ன உறவோ, அதுதான் எனக்கும் காமிராவுக்கும். ‘பத்திரிகைக்காரர்தானே, படம் பார்க்கத் தெரியாமலா போயிடும்’ என்று கூப்பிட்டுவிட்டார்கள். போனதும் சால்வையும் போட்டுவிட்டார்கள். அப்புறம் எங்கே மறுப்பது?

வாசலில் ஒரு நீள நோட்டு. பார்த்தவர்கள் கருத்து எழுத வேண்டுமாம். புரட்டினேன். ‘சூப்பர்’, ‘செம’, ‘அருமை, தொடரட்டும் உங்கள் கலைப்பணி’, ‘வாழ்க வளமுடன்’, ‘கலர்ஸ் எல்லாம் கலக்கல்’... நாற்பது பக்கம் இப்படியே போகிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் யாரோ, ‘மூணாவது ஃபேன் ஓடலை’ என்று எழுதியிருந்தார். மொத்த நோட்டிலும் உருப்படியான விமர்சனம் அது ஒன்றுதான்!

எங்கள் பக்கத்துச் சுபாவம் அப்படி. விருந்தில் சாம்பார் உப்புக் கரித்தாலும், ‘நல்லாருக்குங்க, கொஞ்சம் மோர் மட்டும் ஊத்துங்க’ என்போம். சாப்பாட்டுக்கு அந்த மரியாதை சரி. ராத்திரி பகலாகப் படம் எடுத்து, கடன் வாங்கி பிரின்ட் போட்டு, ஓரமாக நின்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பையனிடமும் மோர் கேட்டுவிட்டு வருவது நியாயமா?

உள்ளே போனேன். கண் கூசியது. உக்கடம் பெரியகுளத்தில் சூரியன் மறைகிறது. தண்ணீர் கத்தரிப்பூ நிறம். காங்கேயம் காளை ஒன்று புல் மேய்கிறது. அந்தப் புல் கரன்ட் வைத்ததுபோல் எரிகிறது. சிங்காநல்லூர் குளத்து நீலத்தாழைக்கோழி, பாவம், பெயின்ட் டப்பாவில் விழுந்து எழுந்து வந்திருக்கிறது. அப்புறம் வழக்கமான பாட்டி. எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு பாட்டி இருப்பார், கவனித்திருக்கிறீர்களா? சுருக்கம் ஒவ்வொன்றும் ஏர் உழுத சால் மாதிரி தெரிய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் போட்டு இழுத்திருப்பார்கள். அவர் என்ன யோசிக்கிறார் என்பது மட்டும் படத்தில் இருக்காது.

‘கலர் என்றாலே மட்டம்’ என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்ன பெரிய மனிதர்கள் உண்டு. அமெரிக்காவின் வாக்கர் எவன்ஸ் வண்ணப் புகைப்படத்தையே கொச்சை என்றார் (பின்னால் அவரே போலராய்டு கலரில் படமாக எடுத்துத் தள்ளினார் என்பது தனிக்கதை). 1976-ல் வில்லியம் எக்ல்ஸ்டனின் வண்ணப் படங்களை நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் மாட்டியபோது, விமர்சகர்கள் சாதாரணம், அலுப்பு என்று கிழித்துத் தொங்கவிட்டார்கள். இன்று அதே கண்காட்சியைத் திருப்புமுனை என்கிறார்கள். விமர்சகன் தப்புப் பண்ண மாட்டான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதில்லையா, அதற்காகச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையிலேயே காட்டு யானைகளை எடுத்துக் காட்டினார். ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங் நேர் எதிர். மேற்கத்தியக் கறுப்பு வெள்ளைச் சோகம் நமக்கு ஒட்டாது, இந்தியன் நிறத்தில்தான் யோசிக்கிறான் என்பது அவர் கட்சி. 1999-ல் சாகும்வரை கலர்தான் எடுத்தார். எனக்கு ரகுபீர் சிங் பக்கம்தான் சாய்வு. பவானி ஜமக்காளத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து என்ன செய்ய? கோடு மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு வித்தியாசம் உண்டு. ரகுபீர் சிங் தெருவில் இருந்த நிறத்தை எடுத்தார். நம் பிள்ளைகள் தெருவில் இல்லாத நிறத்தை வீட்டுக்கு வந்து ஊற்றுகிறார்கள்.

இந்த ருசி எங்கிருந்து வந்தது என்று பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி வந்த காலண்டர் சாமிகளின் ரோஸ் கன்னத்தைப் பார்த்து வளர்ந்த கண் நம்முடையது. ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கே பஞ்சில் கலர் தொட்டு, உதட்டுக்குச் சிவப்பும் சேலைக்குப் பச்சையும் பூசி மாட்டிக்கொண்டவர்கள் நாம். அதில் ஓர் அன்பு இருந்தது. இன்றைக்குக் காமிராவில் ‘விவிட்’ என்று ஒரு பட்டன். அமுக்கினால் வேலை முடிந்தது.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டக் கணக்கு சொல்கிறேன், அது என் படிப்பு.

அதே கல்லூரியில் படித்து வெளியே வந்த ஒரு பையன். அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். படிக்கிற காலத்தில் அவன் படங்களுக்கும் இதே ‘சூப்பர்’, இதே ‘செம’. நம்பி, கடனில் காமிரா வாங்கி, கல்யாண ஆர்டர் பிடித்தான். முதல் பெரிய ஆல்பம் கொடுத்த அன்று பெண்ணின் அம்மா கேட்டிருக்கிறார்: “ஏனுங் தம்பி, இருபத்தெட்டாயிரம் போட்டு எடுத்த முகூர்த்தப் பட்டுங்க. ஒரு புட்டா தெரியலையே, ஜரிகை தெரியலையே... செவப்புத் துணியச் சுத்தி உட்கார வெச்ச மாதிரியல்ல இருக்குது?”

மீதிப் பணம் வரவில்லை. அந்த அம்மா கேட்டதில் ஒரு எழுத்துத் தப்பில்லை.

விஷயம் இதுதான். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவு. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொன்றும் 0-ல் தொடங்கி 255-ல் முடியும். படி நிறைந்தால் மேலே ஊற்றுவது வழிந்துபோகும் அல்லவா, அந்த மாதிரி 255-க்கு மேல் இடமில்லை. அரக்குப் பட்டின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டால் சிவப்பு மட்டும் சீக்கிரம் நிறைந்துவிடும். பச்சையும் நீலமும் பாதியில் நிற்பதால், மொத்த வெளிச்சத்தை மட்டும் பார்க்கிற காமிரா ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிடும். மடிப்பின் மேடும் பள்ளமும், புட்டாவும் அடித்தளமும் எல்லாம் ஒரே 255. அதன்மேல் ‘விவிட்’ வேறு போட்டால் கேட்கவே வேண்டாம். செவ்வந்தி மாலை, குங்குமம், செம்பருத்தி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

பச்சைக்கு வேறு கதை. கோடக் கம்பெனியின் பிரைஸ் பேயர் என்பவர் 1976-ல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான டிஜிட்டல் காமிராக்கள் வைத்திருக்கின்றன. நான்கு கட்டத்தில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மனிதக் கண் நுணுக்கத்தை அதிகம் பிடிப்பது பச்சைப் பகுதியில் என்பதால் அப்படி வைத்தார். ஆனைமலை அடிவாரத் தென்னந்தோப்பில் எத்தனை பச்சை உண்டு என்று நம் கண்ணுக்குத் தெரியும்: குருத்து வேறு, முற்றிய ஓலை வேறு, பாசி வேறு. அத்தனையையும் இழுத்து ஒரே பச்சையாக்கினால் தோப்பு பிளாஸ்டிக் பாயாகிவிடும்.

மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக வரைபடம் காட்டும் வசதி பல காமிராக்களில் இருக்கிறது. சிவப்பு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பார்த்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுத்திருந்தால் அந்தப் பட்டு பிழைத்திருக்கும். மூன்று வருஷத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், ‘தம்பி, செவப்புல விவரம் இல்லையே’ என்று சொல்லியிருக்கக் கூடாதா? அவனிடம் நாற்பது பக்க நோட்டு இருந்தது.

எனக்கு அப்படிச் சொன்ன ஒருவர் கிடைத்தார். அவிநாசிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர். ஊட்டி இந்து ஃபேக்டரி ஃபிலிம் காலத்து ஆள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் நான் எடுத்த படத்தை ரொம்பப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். (எனக்குக் கோபம் வந்தது. தலைகீழாகப் பார்த்தால் ‘இது குதிரை’ என்கிற எண்ணம் விலகி, கண் எங்கே ஓடுகிறது என்பது மட்டும் தெரியும் என்று பிற்பாடு புரிந்தது.) கட்டை விரலால் ஒரு மூலையை மறைத்தார். எடுத்தார். திரும்ப மறைத்தார்.

“ஏனுங் தம்பி, குதிரையப் புடிச்சீங்களா, பலூனப் புடிச்சீங்களா?”

“குதிரைதானுங்க ஐயா.”

“என்ற கண்ணு மூணு வாட்டியும் பலூனுக்கே போகுதுங்களே!”

அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் அவரை மனசுக்குள் திட்டினேன். மூன்றாம் நாள் படத்தை எடுத்துப் பார்த்தால், வெள்ளைக் குதிரைக்குப் பின்னால் ஒரு பலூன்காரர் நிற்கிறார், அதில் ஒரு ரோஸ் பலூன், அது ஒன்றுதான் படம்! இரண்டடி இடது பக்கம் நகர்ந்திருந்தால் போதும்.

பட விமர்சனம் என்பது நம் ஊருக்குப் புதிது ஒன்றும் இல்லை. 1855-ல் மெட்ராஸில் நடந்த பொருட்காட்சியில் லின்னேயஸ் ட்ரைப் என்கிற ராணுவ கேப்டன் 68 படங்களை வைத்தார். பொழுதுபோக்காகத் தொடங்கியவர்தான். ஹளேபீடு, பேலூர்க் கோயில்களை எடுத்திருந்தார். காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் சிறந்த வரிசை என்று நடுவர் குழு தீர்ப்பு எழுதியது. பிறகு அவரே மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர் ஆனார். மதுரை, தஞ்சாவூர் மட்டுமல்ல, அன்றைய சேலம் ஜில்லாவின் ராயக்கோட்டை வரை மூட்டை கட்டிக்கொண்டு வந்து எடுத்தார். அப்புறம் கவர்னர் ட்ரெவெல்யன் வந்து, இதெல்லாம் வீண் செலவு என்று கணக்கை மூடிவிட்டார். (காமர்ஸ்காரனாக எனக்கு ட்ரெவெல்யன் மேல் கொஞ்சம் பரிவு உண்டு. வெளியே சொல்வதில்லை.)

ட்ரைப்பும் லேசுப்பட்டவரில்லை. பர்மாவில் எடுத்த படங்களில் வானம் வெறுமையாக விழுந்ததென்று நெகடிவிலேயே மேகம் வரைந்து சேர்த்தவர். ஆக, படத்தைத் திருத்துவது போட்டோஷாப் கண்டுபிடித்த பாவம் அல்ல.

இன்றைய ‘சலூன்’ போட்டிகள் பற்றியும் ஒரு வார்த்தை. முடிவெட்டும் இடம் அல்ல; புகைப்படப் போட்டிக்கு அதுதான் பெயர். நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். நடுவர்கள் முன் படம் சில நொடி வரும், பட்டனை அமுக்கி மார்க் போடுவார்கள், அடுத்த படம். இத்தனை நாட்டில் இத்தனை படம் தேறினால் பெயருக்குப் பின்னால் ஏ.எஃப்.ஐ.ஏ.பி., ஈ.எஃப்.ஐ.ஏ.பி. என்று போட்டுக்கொள்ளலாம். உழைத்து வாங்கியவர்கள் பலர், குறை சொல்லவில்லை. ஆனால் சில நொடியில் கண்ணைப் பிடிப்பது எது? ரோஸ் பலூன்தான்! எண் கிடைக்கும், ‘ஏன்’ கிடைக்காது.

கண்காட்சிக்கு வருகிறேன். கடைசி வரிசையில் ஒரு படம் என்னைப் பிடித்து நிறுத்தியது. திருப்பூருக்குக் கீழே நொய்யல். கரையில் ஒரு எருமை. தண்ணீர் பளபளவென்று மெஜந்தா.

எடுத்தவன் இரண்டாமாண்டு மாணவன், பக்கத்திலேயே நின்றான். தலைப்பு ‘சாயம்’. நோட்டில் அவன் படத்துக்குத்தான் அதிகப் பாராட்டு.

“தம்பி, தண்ணி நெஜமாவே இந்தக் கலர்லதான் இருந்துச்சா?”

“கொஞ்சம் கூட்டியிருக்கேனுங்க சார்.”

“எவ்வளவு கொஞ்சம்?”

பேசவில்லை.

இங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. சூரியன் மறைவதைக் கத்தரிப்பூ ஆக்கினால் சூரியனுக்கு ஒன்றும் ஆகாது. நொய்யல் அப்படி இல்லை. 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த வழக்கு. அந்த ஆற்றில் நிறம் என்பது அழகு அல்ல, சாட்சி. கணக்குத் தணிக்கை செய்கிறவர் கடைசியில் ‘உண்மையும் நியாயமுமான நிலையைக் காட்டுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இந்தப் படத்துக்கு நான் எப்படிப் போடுவேன்? நிறத்தைக் கூட்டியிருக்கிறான் என்று ஒருவர் கண்டுபிடித்துவிட்டால், எருமையும் பொய், ஆறும் பொய் என்று ஆகிவிடாதா?

அதை அவனிடம் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே. பையன் முகம் வாடிவிட்டது. அமைப்பாளர் என் சால்வையைத் திரும்பக் கேட்பாரோ என்று பார்த்தேன்.

அரை மணி நேரம் கழித்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். திருத்தாத அசல் படம். தண்ணீர் மெஜந்தா இல்லை. ஆறிப்போன கடுங்காப்பி நிறம், ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு செம்மை. அந்தச் செம்மை எருமையின் முழங்கால் வரை ஒரு கோடாக ஏறியிருந்தது. பெரிய படத்தில் அந்தக் கோடு எனக்குத் தெரியவே இல்லை. மெஜந்தா அதை விழுங்கியிருந்தது. எருமை தினமும் இந்தத் தண்ணீரில்தான் நிற்கிறது என்று அந்த ஒரு கோடு சொன்னது.

“இதையே பிரின்ட் போட்டு மாட்டுப்பா” என்றேன்.

மறுநாள் பரிசளிப்புக்குப் போனபோது பழைய படம் இல்லை. அசல் மாட்டியிருந்தது. நோட்டைப் புரட்டினேன். புதுசாக ஒருவர் எழுதியிருந்தார்: ‘நல்ல முயற்சி. கலர் பத்தலை.’