வளைவுக்குக் காரணம் கேட்கும் ஊர்

கார்களின் தோற்றத்தைப் பற்றி நெய்வேலியில் நாலு பேர் பேச உட்கார்ந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "இந்த மடிப்பு எதுக்கு?" கதவில் ஓடும் கோடு, பானெட்டில் எழும் மேடு, பம்பரில் ஒப்புக்கு வைத்த காற்றுத் துளை, எதுவானாலும் காரணம் சொல்லியாக வேண்டும். 1956-இல் சுரங்க நிறுவனம் தொடங்கி, 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்ட காலத்திலிருந்து இந்த ஊர் பார்த்து வளர்ந்த இயந்திரம், சுரங்கத்தைத் தோண்டும் பக்கெட் வீல். அந்த ஜெர்மன் ராட்சதனில் அழகுக்கென்று ஒரு போல்ட்கூடக் கிடையாது. ஆனாலும் சுரங்க விளிம்பில் நின்று பார்ப்பவருக்கு வாய் பிளந்துவிடும். எட்டு மணி நேர ஷிப்ட் முழுக்க அதன் பக்கத்தில் நின்றவர், குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் காரை வேறு கண்ணால் பார்ப்பாரா?

மூத்த கட்சி அம்பாசடர் கட்சி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உடம்பு அது. உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை முகத்தை மட்டும் மாற்றிக்கொண்டே ஓடியது. சின்னச் சின்னக் கட்டம் போட்ட கிரில்லோடு வந்த மார்க் 2 தான் உச்சம், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இறக்கம் என்பது இவர்கள் தீர்ப்பு. கூரை உருண்டையாக எழுவதால் உள்ளே தலை இடிக்காது என்று காரணமும் சொல்வார்கள். எதிர்க்கட்சி ஃபியட். 1964-இல் 1100 டிலைட்டாக வந்து பின்னால் பத்மினியான அந்த வண்டியின் மெல்லிய தூண்களையும், பின்பக்கம் லேசாக நிமிரும் வால் துடுப்புகளையும் காட்டி, "இது கார், உங்களுடையது அலுவலகம்" என்பார்கள். துடுப்புக்கு என்ன காரணம் என்று திருப்பிக் கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும். அமெரிக்க மோகம் என்று ஒப்புக்கொள்ள மனம் வராது.

என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. தமிழ்நாட்டு மண்ணில் உருவான அழகான கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான். இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலாட்டி வரைந்து, 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் பெயரில் வந்து, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் தயாரித்த வண்டி. அதன் முன்பாகத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பானெட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும், முன் சக்கரங்கள், ஸ்டியரிங், இஞ்சின் எல்லாம் வெளியே வந்து நிற்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பானெட்டைச் சுற்றி ஓடும் அந்தக் கோடு, திறப்பதற்கான வெட்டு, ஒப்பனைக்காகப் போட்டதல்ல. நம்மவர்கள் பிற்பாடு அதற்கு நாலு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில்கூட அப்படி ஒரு ஹெரால்டு கிடையாது. இரண்டு கதவு வண்டியின் நீண்ட வீச்சு அதில் உடைந்தது என்று சுத்தவாதிகள் சண்டைக்கு வருவார்கள். பின்சீட்டுக்குப் பாட்டி ஏற வேண்டிய வீட்டில் அந்த வாதம் எடுபடாது.

எந்தக் கட்சியிலும் சேராத நடுவர் ஒருவர் உண்டு: டிங்கர். பட்டறையில் கதவை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, தகட்டில் விழும் ட்யூப்லைட்டின் பிம்பத்தைப் பார்ப்பார். அந்த வெள்ளைக் கோடு நேராக ஓடினால் உடம்பு சரி. நெளிந்தால் உள்ளே பட்டி. அவர் கணக்கில் அம்பாசடர் நல்ல வண்டி, ஏனென்றால் தடித்த தகடு அடி தாங்கும். 1983-இல் வந்த மாருதி 800-இன் தட்டையான பக்கங்கள் ஒரு சின்ன நசுங்கலையும் ஒளிக்காது. இன்றைய கத்தி மடிப்புகள்? ஒரு முறை மழுங்கினால் சுத்தியலால் அந்த முனையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கதவையே மாற்ற வேண்டியதுதான். டிசைனர்கள் பட்டறையில் ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டுப் பென்சிலைத் தொடலாம்.

கட்சிகள் கலைந்தது 1998-இல். சில மாத இடைவெளியில் மூன்று வண்டிகள்: இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயின் சான்ட்ரோ, ஜியுஜாரோ வரைந்த மாட்டிஸ், டூரினின் ஐடியா நிறுவனம் டாடாவோடு சேர்ந்து உருவாக்கிய இண்டிகா. மாட்டிஸின் உருண்டைக் கண்களைப் பாராட்டாதவர் இல்லை. இண்டிகாவின் விம்மிய பக்கங்களில் இத்தாலியக் கை தெரிந்தது. ஆளுயரத்துக்கு நின்ற சான்ட்ரோவைத்தான் முதலில் கேலி செய்தோம். வேட்டி கட்டியவர் குனியாமல் ஏறி, முட்டி வலிக்காமல் இறங்கியபோது கேலி நின்றுவிட்டது. அந்த உயரத்துக்குக் காரணம் இருந்தது.

காரணம் இருந்தும் அழகு வராத இடமும் உண்டு. 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் நீளமும் சிறிய இஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அன்றிலிருந்து டிக்கிகள் வெட்டுப்பட ஆரம்பித்தன. முதலில் இண்டிகோ சிஎஸ், பிறகு 2012-இன் டிசையர். முன்னாலிருந்து பார்த்தால் முழு வண்டி, பின்னால் போனால் பாதியில் நிறுத்திய வேலை. அதை வரைந்தவரைத் திட்டிப் பயனில்லை. ஸ்கேலைக் கையில் வைத்திருந்தது நிதி அமைச்சகம்.

இப்போதைய சண்டை மின்சாரக் கார்களைப் பற்றி. ரேடியேட்டருக்குக் காற்று வாங்கும் பெரிய வாய் தேவையில்லை என்றான பிறகு முகத்தில் என்ன வைப்பது? 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் பிஇ 6, வெட்டுகளும் துளைகளுமாக ஒரு பதில் சொல்கிறது. இளவட்டம் கொண்டாடுகிறது. பழைய ஆட்கள் பானெட்டின் முனையில் காற்று நுழைந்து வெளியேறும் வழியைக் குனிந்து பார்த்து, அது நிஜத் துளைதான் என்று தெரிந்ததும் பாதி சமாதானம் ஆகிறார்கள். மீதிப் பாதி, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரையில் இருக்கிறது. பின்சீட்டில் ஆறடி ஆள் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்காமல் அதற்கு இங்கே யாரும் மார்க் போடப் போவதில்லை.