தாடியஸ் ஸ்டீவன்ஸ்: வென்ற வழக்கும் தோற்ற மசோதாவும்

1821இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண் தன் விடுதலைக்காகப் போராடினார். வெளிமாநில அடிமையை எஜமானர் ஆறு மாதம் பென்சில்வேனியாவில் வைத்திருந்தால் அந்த அடிமைக்கு விடுதலை என்பது 1780ஆம் ஆண்டுச் சட்டம். சாரிட்டி அங்கே பலமுறை வந்து தங்கியவர். எஜமானரின் வக்கீலோ, ஆறு மாதம் என்றால் இடைவிடாத ஆறு மாதம், விட்டு விட்டுத் தங்கியதைக் கூட்டக் கூடாது என்று வாதாடி ஜெயித்தார். சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே நின்றார்கள்.

அந்த வக்கீல் தாடியஸ் ஸ்டீவன்ஸ். பின்னாளில் அடிமைமுறையை ஒழித்த 13ஆவது திருத்தத்துக்காக அமெரிக்கக் கீழவையில் முன்னின்று போராடியவரும் அவரே. அவரைப் புகழ்பவர்கள் முந்தைய வழக்கை மெதுவாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது சரியல்ல.

இகழ்ந்தவர்களும் நியாயமாக நடக்கவில்லை. 1915இல் வந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படம் அவரைப் பழிவெறி பிடித்த கிழவராக்கியது. ஆவணங்கள் காட்டும் மனிதர் வேறு. 1835இல் இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்து செய்ய மாநில அவை தயாரானபோது, ஒரே உரையில் அதைக் காப்பாற்றினார். கறுப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறித்ததற்காக 1838இல் மாநில அரசியல் சாசனத்தில் கையெழுத்திட மறுத்தார். அதே மனிதர் 1866இல், வாக்குரிமையை நேரடியாகத் தராத 14ஆவது திருத்தத்தை, மனக்குறையைச் சொல்லிவிட்டே ஆதரித்தார். 1838இல் அவர் தனி உறுப்பினர். 1866இல் அவையில் தன் கட்சியை நடத்துபவர், வாக்குகளை எண்ணிப் பார்க்க வேண்டியவர். வெறியர் இப்படி இறங்கி வரமாட்டார்.

ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டில் மட்டும் அவருடைய நிதானம் தவறியது. குற்றப்பத்திரிகை பெரும்பாலும் ஓர் அமைச்சரை நீக்கிய விவகாரத்தையே சுற்றிச் சுழன்றது. ஸ்டீவன்ஸ் வலியுறுத்திச் சேர்த்த 11ஆவது பிரிவுதான் செனட்டில் முதலில் வாக்கெடுப்புக்கு வந்தது. 35க்கு 19. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குக் குறைவு.

ஆனால் அவரை எடைபோட வேண்டிய இடம் அதுவல்ல, நிலம். உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கின் பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறித்து, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வீதம் கொடுக்க வேண்டும் என்றார். சோற்றுக்குப் பழைய எஜமானரையே அண்டி நிற்பவனிடம் வாக்குச்சீட்டு எத்தனை நாள் தங்கும் என்பதை அவர் அளவுக்குத் தெளிவாகக் கண்டவர்கள் அன்றைய காங்கிரஸில் குறைவு. அவர் பிழை வேறு. நிலம் வழங்குவதோடு கலகக்காரர்களுக்குத் தண்டனை, போர்க்கடனை அடைக்க வசூல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினார். 1863இல் தெற்குப் படை அவருடைய இரும்பாலையை எரித்திருந்தது. சொந்தப் பகை என்று சொல்ல எதிரிகளுக்கு அதுவே போதுமாயிற்று. சொத்துரிமை என்றதும் சொந்தக் கட்சியினரே பின்வாங்கினார்கள். ஒற்றைச் சொல்லின் பொருளைப் பிரித்து வழக்கை வென்றவர், பிரித்தே ஆகவேண்டிய இடத்தில் பிரிக்கவில்லை.

என் கணிப்பில் அவர் தன் காலத்தின் முதல்தரச் சட்டமன்றவாதி. ஆனால் மிக முக்கியமான மசோதாவில் தோற்றவர். 1868 ஆகஸ்டில் அவர் இறந்தார். நிலம் பங்கிடப்படவில்லை. விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரப் பண்ணையார்களின் வயலிலேயே வாரத்துக்கு உழுதார்கள்.