ஆயிரம் தட்டுகளும் ஒரு சிறு மண்டபமும்

ஒரு கலைப்படைப்பு எதைச் சொல்லுகிறது என்று கேட்பதோடு, அது எவர் கையில் உருவாகி எவ்வழியாக மக்களை வந்தடைகிறது என்றும் கேட்பது விமர்சகரின் கடமையாகும். ஜெர்மானிய அறிஞரான வால்ட்டர் பெஞ்சமின் 1934ஆம் ஆண்டிலேயே இதனை வற்புறுத்தினார். தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி ஒரு படைப்பு என்ன கருதுகிறது என்பதற்கு முன்னர், அவ்வுறவுகளுக்குள் அது எவ்விடத்தில் நிற்கிறது என்று ஆராய வேண்டும் என்பது அவர் கருத்து. எழுத்தைக் குறித்து அவர் கூறியது இசைக்கும் பொருந்தும். பெருங் கம்பனிகளைச் சாராத சுயாதீன இசைக்குழுக்கள் இங்கிலாந்தில் எழுந்த வரலாற்றை இந்நோக்கிலேயே நாம் ஈண்டு அணுக விழைகின்றோம்.

1970களின் நடுப்பகுதியில், அந்நாட்டில் இசைத்தட்டுத் தொழில் சில பெருங் கம்பனிகளின் ஆதிக்கத்தில் இருந்தது. பாட்டைப் பதிவுசெய்வது முதல் தட்டைக் கடைக்கு அனுப்புவது வரை யாவும் அவற்றின் கையில் இருந்தன. வெளியூர் இளைஞர் லண்டனுக்குச் சென்று அவற்றின் வாசலிற் காத்திருப்பதே வழக்கம். இந்நிலையில், மான்செஸ்டரை அடுத்த போல்டன் நகரிலே கல்வி பயின்ற ஹவார்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்னும் இருவர், பங்க் என வழங்கும் முரட்டு றொக் இசையின் முன்னோடிகளான செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினரைத் தம் ஊருக்கே அழைத்தனர். 1976 ஜூன் 4ஆம் திகதி மான்செஸ்டர் சுதந்திர வர்த்தக மண்டபத்தின் சிறிய அரங்கில் அந்நிகழ்ச்சி நடைபெற்றது. 1819இல் வாக்குரிமை கேட்டுத் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்த பீற்றர்லூப் படுகொலை நிகழ்ந்த நிலத்தில் எழுந்த மண்டபம் அது.

அன்று வந்தோர் சில பத்துப் பேரே. ஆயினும் கேட்க வந்தவருட் பலர் இசைக்கும் துணிவோடு வீடு திரும்பினர். பிற்காலத்தில் ஜோய் டிவிஷன் குழுவை அமைத்த பேர்னாட் சம்னரும் பீற்றர் ஹுக்கும் அவர்களுள் அடங்குவர். ஜூலை 20ஆம் திகதி அதே அரங்கில் டெவோட்டோவும் ஷெல்லியும் பஸ்கொக்ஸ் என்னும் தம் சொந்தக் குழுவோடு மேடையேறினர்.

அவ்வாண்டு டிசம்பர் 28இல் அக்குழுவினர் நான்கு பாட்டுக்களைப் பதிவுசெய்தனர். உறவினரிடமும் நண்பரிடமும் கடன் வாங்கிய ஏறத்தாழ 500 பவுண் அவர்களுடைய மூலதனம். 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற அத்தட்டு, நியூ ஹோர்மோன்ஸ் என அவர்களே சூட்டிய வெளியீட்டுப் பெயரில் வந்தது. முதலில் அச்சிட்டவை 1000 தட்டுகள்; காலப்போக்கில் விற்றவை ஏறத்தாழ 16,000. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதையும் உறையில் அச்சிட்டிருந்தனர். வேலை நடந்த விதத்தை மறைத்து அதனை மாயமாக்கும் வணிக வழக்கத்திற்கு இது நேர்மாறானது.

அத்தட்டிலே சலிப்பைப் பாடும் 'போர்டம்' என்னும் பாட்டு புகழ்பெற்றது. அதன் இடையில் கிட்டார் இரண்டே சுரங்களை விடாது திருப்பித் திருப்பி ஒலிக்கிறது. வித்துவச் செருக்கை எள்ளும் இவ்வுத்தி, நீயும் இதைச் செய்யலாம் என்று கேட்பவனுக்குச் சொல்லாமற் சொல்கிறது. எனினும் பாட்டின் பொருள் தனிமனிதச் சலிப்பைத் தாண்டவில்லை. அச்சலிப்பு எவ்வகைச் சமுதாயத்திலிருந்து பிறந்தது என்ற வினாவை அது எழுப்பவில்லை. உள்ளடக்கத்திலும் பார்க்க உற்பத்தி முறையிலேயே இத்தட்டு முற்போக்கானது என்பது எமது துணிபு.

அம்முறை விரைவிற் பரவியது. டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்ற லண்டன் குழு, தன் முதற் தட்டுக்கு 153 பவுணே செலவானதென அடுத்த தட்டின் உறையில் எழுதி, பிறரையும் முயலுமாறு தூண்டியது. ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற இடதுசாரிக் குழு 1978இல் தன் தட்டின் செலவு விபரங்களை உறையிலேயே வெளியிட்டது. வாங்குவோனுக்குச் செலவுக் கணக்கைக் காட்டும் முதலாளியை நாம் கண்டதுண்டா? 1976இல் லண்டனிலே தொடங்கிய றஃப் ட்ரேட் கடை இத்தகைய தட்டுகளை விற்றது; ஏனைய ஊர்க் கடைகளுக்கும் அனுப்பியது. பி.பி.சி. வானொலியில் ஜோன் பீல் அவற்றை இரவுதோறும் ஒலிபரப்பினார். ஊர் மண்டபம், சிறு தட்டு, சிறு கடை, வானொலி என்னும் இச்சங்கிலியின் வழியே இரசிகர் புதிய குழுக்களைத் தாமே கண்டறிந்தனர். விளம்பரம் திணித்ததை ஏற்கும் நுகர்வோர் நிலையினின்றும் அவர்கள் உயர்ந்தனர்.

ஆயினும் சுயாதீனம் என்ற சொல்லைக் கேட்டதும் மயங்குதல் தகாது. பஸ்கொக்ஸ் குழு, டெவோட்டோ விலகிய பின்னர், 1977 ஓகஸ்டிலேயே யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பெருங் கம்பனியோடு ஒப்பந்தஞ் செய்தது. இதனினும் பாரதூரமான உண்மை ஒன்றுண்டு. 1983இல் ஸ்க்ரூட்ரைவர் என்ற குழு, தேசிய முன்னணி என்னும் இனவெறிக் கட்சி சார்ந்தோர் தொடங்கிய வெளியீட்டகத்தின் மூலம், வெள்ளையர் ஆதிக்கத்தைப் போற்றும் தட்டை வெளியிட்டது. அதுவும் பெருங் கம்பனிகளுக்கு வெளியே பிறந்ததே. கருவி மக்கள் கைக்கு வருவது அவசியம். அக்கருவியால் என்ன செய்கிறோம் என்பது அதனினும் அவசியம். இதனை உணர்ந்தோர் 1976இலேயே இனவாதத்துக்கு எதிரான றொக் இயக்கத்தைத் தொடங்கினர். கறுப்பு இளைஞரின் ரெகே இசையையும் வெள்ளை இளைஞரின் பங்க் இசையையும் ஒரே மேடையில் ஏற்றினர். 1978 ஏப்ரல் 30இல் லண்டன் விக்டோரியா பூங்காவில் கிளாஷ், ஸ்டீல் பல்ஸ் முதலிய குழுக்களைக் கேட்கப் பல்லாயிரவர் திரண்டனர். சுயாதீனத்திற்கு ஒரு திசையை அவ்வியக்கமே காட்டியது.

இன்று பதிவுசெய்வது முன்னெப்போதையும் விட மலிவு. பாட்டை உலகெங்கும் அனுப்ப ஒரு கணம் போதும். ஆனால் விநியோகம் மீண்டும் சில நிறுவனங்களின் கையிற் குவிந்துள்ளது. முந்திய பன்னிரண்டு மாதங்களில் 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு உரிமைத்தொகை இல்லை என்ற விதியை ஸ்பொட்டிஃபை நிறுவனம் 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1977இல் 1000 தட்டுகள் ஓர் இயக்கத்திற்கு வித்தாயின. இன்றோ ஆயிரத்தை எட்டாத பாட்டு கணக்கிலேயே இல்லை. மறுபுறம், பிரித்தானியாவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 125 சிற்றரங்குகள் மூடப்பட்டன அல்லது இசை நிகழ்ச்சிகளைக் கைவிட்டன என அரங்குகளின் அறக்கட்டளை அறிவித்தது. சங்கிலியின் முதற் கண்ணியே அறுபடுகிறது.

பாட்டு இல்லாமற் போகும் என்பதற்காக நாம் கவலைப்படவில்லை. பாட்டு என்றும் பிறக்கும். பாடுவோனும் கேட்போனும் ஒருவரையொருவர் கண்டு, கேட்போன் நாளை பாடுவோனாகும் இடம் இல்லாமற் போவதே கவலைக்குரியது. அவ்விடத்தைப் பேணும் பொறுப்பில் இரசிகருக்கும் பங்குண்டு. அறியப்படாத குழுவின் நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்குவதும், அதன் தட்டைக் குழுவினரிடமே நேராக வாங்குவதும், வாங்கியதைக் கூடியிருந்து விமர்சிப்பதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். மான்செஸ்டரிலே அன்று கூடிய சில பத்துப் பேர் செய்ததும் அத்தகைய சிறு செயலே.