பத்துக்குப் பத்து

தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டி போன்ற ஊர்களில் பத்துக்குப் பத்து அடி அறை புதிதல்ல. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவே 9.5 சதுர மீட்டர். ஏறத்தாழ அதே அளவுதான். அந்த அறையை விசாலமாகக் காட்டுவது பெயின்ட் என்கிறார்கள். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தரும், மறுக்கவில்லை. ஆனால் கண் அறையை அளப்பது தரையை வைத்து. தரை மூலை வரை தடையின்றித் தெரிந்தால் அறை பெரிது. கட்டிலும் பீரோவும் மறைத்தால் சிறிது. இதை அறிந்தவைதான் பரணும், மாடக்குழியும், விடிந்ததும் சுருட்டி வைக்கும் பாயும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் அலமாரியையும் திண்ணையையும் சுவரோடு சேர்த்தே கட்டினார்.

பரண் கூரையைத் தாழ்த்திக் காட்டுமே என்பார்கள். அறை முழுக்கப் போட்டால் காட்டும். வாசல் நிலைக்கு மேலே, ஒரே சுவரில் போட்டால் உறுத்தாது. முதுகுவலிக்காரருக்குப் பாய் ஆகாது என்பது நியாயம். அவருக்குக் கால் உயர்ந்த கட்டில், அடியில் ஒன்றும் திணிக்காமல். அறையைப் பெரிதாகக் காட்டக் கண்ணாடி மாட்டுவோரும் உண்டு; அதைக் கொடித்துணிக்கு எதிரே மாட்டினால் குப்பையைத்தான் இரட்டிப்பாக்கும் (கடைக்காரர் இதைச் சொல்வதில்லை). ஜன்னலுக்கு எதிரே மாட்டுங்கள். பெயின்டுக்குச் செலவழிக்கும் முன் தரையைக் காலி செய்து பாருங்கள்.