பம்பின் வாயும் பைப்பின் அளவும்

வீட்டு மீன் தொட்டிக்குக் கீழே சம்ப் என்னும் துணைத் தொட்டி வைத்து நீரைச் சுற்றவிடுகிறவர்களிடம் வேரூன்றிய பழக்கம் ஒன்று உண்டு. பம்பின் வாய் என்ன அளவோ, அதே அளவில்தான் பைப் வாங்குவார்கள். அரை இஞ்ச் வாய் என்றால் மேலே ஏறும் பைப்பும் அரை இஞ்ச். பல வீடுகளில் கீழே இறங்கும் பைப்பும் அதுவே.

இந்தப் பழக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ரெடியூசர் வாங்க வேண்டாம். சொல்யூஷன் போட்டு ஒட்டும் இடங்கள் குறையும். ஆகவே ஒழுகும் இடங்களும் குறையும். சிறிய தொட்டி, ஓரடிக் குழாய், ஒரே ஒரு வளைவு என்றால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. புதிதாக மீன் வளர்க்க வருபவரைக் கணக்குப் போட வைத்து மிரட்டுவதைவிட இது மேல்.

சிக்கல், தொட்டி பெரிதாகும்போது வருகிறது. பம்பின் வாய் சிறிதாக இருப்பதற்குக் காரணம் பம்பே சிறிது என்பதுதான். அந்தக் குறுகிய வாய்க்குள் நீர் வேகமாகப் பாய்வது ஓரிரு அங்குலத் தூரம். அதில் பெரிய இழப்பில்லை. அதே வேகத்தில் இரண்டு மீட்டர் ஓடி, நான்கு எல்போக்களில் திரும்ப வேண்டுமென்றால் பம்பின் பலத்தில் பெரும்பகுதி உராய்விலேயே தீர்ந்துவிடும்.

நான்கடித் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பம்பின் பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர், 3 மீட்டர் உயரம் என்று அச்சடித்திருக்கும். இவ்விரண்டும் ஒருசேரக் கிடைப்பவை அல்ல. உயரமே ஏற்றாதபோது 3000 லிட்டர். 3 மீட்டர் ஏற்றினால் நீர் வருவதே நின்றுவிடும். சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் விளிம்பு வரை 1.2 மீட்டர் என்றால் பம்பின் பலத்தில் 1.2 மீட்டர் அங்கேயே கழிந்துவிடுகிறது. மிச்சத்தில்தான் பைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலி எவ்வளவு? 90 டிகிரி எல்போ ஒன்று, பைப்பின் உள்விட்டத்தைப் போல ஏறத்தாழ 30 மடங்கு நீள நேர்க் குழாய்க்குச் சமம். மணிக்கு 2000 லிட்டர் போக வேண்டும், இரண்டு மீட்டர் பைப், நான்கு எல்போ என்று கணக்கிட்டால், 16 மி.மீ. உள்விட்டத்தில் (அரை இஞ்ச் பைப்) இழப்பு சுமார் 2 மீட்டர். 20 மி.மீ. (முக்கால் இஞ்ச்) என்றால் முக்கால் மீட்டர். 25 மி.மீ.யில் (ஒரு இஞ்ச்) 30 சென்டிமீட்டர், 32 மி.மீ.யில் (ஒன்றேகால் இஞ்ச்) வெறும் 10 சென்டிமீட்டர். மிச்சமிருப்பது அதிகபட்சம் 1.8 மீட்டர்தான் என்பதால், அரை இஞ்ச் பைப்பில் இந்தப் பம்பு 2000 லிட்டரை எந்நாளும் தராது.

தண்ணீர் குறைகிறது என்றதும் பலரும் இதைவிடப் பெரிய பம்பு வாங்கி மூழ்கவிடுகிறார்கள். உராய்வு, நீரளவின் இருமடிக்குக் கிட்டத்தட்ட இணையாக ஏறுவதால், கூடுதல் பலத்தில் பெரும்பகுதி அதே பைப்பில் கரைகிறது. கரண்ட் பில் ஏறும். நீருக்குள் மூழ்கியிருக்கும் பம்பின் சூடு நீரிலேயே சேரும். சென்னையின் மே மாதத்தில் அது மீன்களுக்கு நல்லதல்ல.

அதற்காக, எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்ற எதிர்வாதத்தையும் நான் ஏற்கவில்லை. மேலே உள்ள கணக்கையே பாருங்கள். அரையிலிருந்து முக்கால் இஞ்சுக்கு மாறினால் லாபம் மிகப் பெரிது. ஒன்றிலிருந்து ஒன்றேகாலுக்குப் போனால் 20 சென்டிமீட்டர்தான். நீர் மெதுவாகப் போகும் படுக்கைக் குழாயில் மீன் கழிவு படிந்து தங்கும். கண்ணாடியில் துளையும் பெரிதாக வேண்டும். வாய் அகலமானால் நீர் விழும் வேகமும் தணிந்து, மேற்பரப்பு போதுமான அளவு அலையாது. பெரிய பைப்பைக் கடைசி வரை கொண்டுவந்து, வாயில் மட்டும் ஒடுக்குவதே சரி. ஃபைட்டர், தங்கமீன் போன்ற நீண்ட துடுப்பு மீன்கள் இருந்தால் அங்கேயும் வேகத்தைத் தணிக்க வேண்டியிருக்கும்.

சம்ப்புக்குப் பதிலாக வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டருக்கு இந்தக் கணக்கு வேறு. அது மூடிய சுற்று. இறங்கும் நீரின் எடையே ஏறும் நீரைத் தூக்கிவிடுவதால் உயரம் ஒரு பொருட்டல்ல, உராய்வு மட்டுமே மிஞ்சும். ஆகவே ஃபில்டரோடு வரும் குழாயே போதும். உள்ளே படியும் வழவழப்பைப் பிரஷ் விட்டுக் கழுவினால் குறைந்த நீரோட்டம் திரும்பிவிடும்.

பம்பின் வாய் அளவிலேயே பைப் வாங்கும் பழக்கத்தில் நான் மன்னிக்க மறுப்பது, அதையே இறங்கும் பைப்புக்கும் பொருத்துவதைத்தான். ஏறும் பைப் சிறிதானால் நீர் குறைவாக வரும், அவ்வளவே. இறங்கும் பைப் சிறிதானால் கூடத்துத் தரையில் தண்ணீர் நிற்கும். மேலே தள்ள பம்பு இருக்கிறது. கீழே இறங்க புவியீர்ப்பைத் தவிர வேறு துணை இல்லை. காற்றும் நீரும் கலந்து இறங்கும் பைப், நிரம்பி ஓடும் பைப்பின் கொள்ளளவில் பாதியைக்கூடக் கொண்டுபோகாது. போதாக்குறைக்கு 'கொடக் கொடக்' என்று சத்தம் வேறு. ஒரு வாலிஸ்னேரியா இலையோ நத்தையோ அதன் வாயை அடைக்கப் போதும். பீன் அனிமல் என்ற அமைப்பில் மூன்று குழாய்கள் வைப்பது இதற்காகத்தான்: ஒன்று கேட் வால்வின் துணையோடு நிரம்பி ஓடும், இரண்டாவது மிகுதியைச் சிறிதளவாக வாங்கிக்கொள்ளும், மூன்றாவது ஆபத்துக்கென்று காய்ந்தே நிற்கும். வீட்டுக்கு மூன்று அதிகம் என்று தோன்றினால் இரண்டு குழாய்களாவது வையுங்கள். அவற்றில் அவசரத்துக்கான குழாய், பம்பு தரும் நீர் முழுவதையும் தனியே இறக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும்.

உங்கள் தொட்டியின் உண்மை நிலையை அறிய மீட்டர் எதுவும் வேண்டாம். பைப்பின் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். 18 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 2000 லிட்டர். பைப் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: பிவிசி பைப்பில் 25 மி.மீ. என்று எழுதியிருப்பது வெளிவிட்டம். நீர் ஓடும் உள்விட்டம் அதைவிடக் குறைவு.

என் தீர்ப்பு இது: மேலே சொன்ன நான்கடித் தொட்டிக்கு, ஏறுவதற்கு ஒரு இஞ்ச், இறங்குவதற்கு ஒன்றரை இஞ்ச், அதே அளவில் அவசரத்துக்கு இன்னொன்று. முதலில் இறங்கும் பைப்பை முடிவு செய்யுங்கள், பிறகு ஏறும் பைப், கடைசியாகப் பம்பு. தொட்டியின் கண்ணாடி டெம்பர் செய்ததா என்பதையும் துளை போடும் முன்பே கேட்டுவிடுங்கள். டெம்பர் செய்த கண்ணாடியில் துளை போட்டால் அது முழுவதும் நொறுங்கிவிடும்.