நாடாவின் நிறமும் ஷிஆரின் பொருளும்

அரபு மொழியில் 'ஷிஆர்' என்றொரு சொல் உண்டு. அடையாளச் சின்னம் என்றும், போர்க்களத்தில் தம்மவரை இனங்காண எழுப்பும் குரல் என்றும் அகராதியார் அதற்குப் பொருள் உரைப்பர். அதே சொல் மேனியை ஒட்டிக் கிடக்கும் உள்ளாடையையும் குறிக்கும். அதன்மேல் போர்த்துவது 'திஸார்'. அன்சாரிகளை ஷிஆர் என்றும் ஏனையோரைத் திஸார் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேறுபடுத்திச் சொன்னதை ஹதீஸ் கற்றோர் அறிவர். சின்னம் என்பது மேனியைத் தொட்டிருக்க வேண்டும் என்னும் கருத்து அச்சொல்லுக்குள்ளேயே உறைந்து கிடக்கிறது. இக்காலத்து அறப்பணி இயக்கங்கள் நம் சட்டையில் குத்தும் வண்ண நாடாக்களை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால் என்ன?

1991ஆம் ஆண்டு நியூயார்க்கில் 'விஷுவல் எய்ட்ஸ்' என்னும் கலைஞர் குழு சிவப்பு நாடாவை மடித்துக் குத்தியது. சிவப்பு குருதியின் நிறம். சினத்திற்கும் அன்பிற்கும் பொதுவான வேகத்தின் நிறம் என்று அவர்கள் காரணம் கூறினர். எவரும் செய்து அணியலாம் என்று அதனைப் பொதுவில் விட்டதே அவர்கள் செய்த பெரிய அறம் என்பேன். அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக அந்நோய்க் கிருமியின் தொற்றைக் கண்டறிந்திருந்தனர். பின்னர் 2007 டிசம்பர் 1 அன்று சிவப்பு நாடாவின் பெயரால் ஒரு ரயிலே நாட்டைச் சுற்றப் புறப்பட்டது. நம் கல்லூரிகளில் அதன் பெயரால் அமைந்தவை 'செஞ்சுருள் சங்கங்கள்'. மொழியாக்கம் அழகுதான், ஆனால் செஞ்சுருள் யாது என்று வினவினால் மாணவர் பலரும் விழிப்பர். 2000களின் தொடக்கத்தில் நம் சுவர்களெங்கும் தோன்றிய 'புள்ளிராஜா' விளம்பரத்தை மறந்தவர் குறைவு. அது நாகரிகமாக இல்லை என்று முகஞ்சுளித்தோர் உண்டு. எனினும் நாடா பேசாததை அது பேசிற்று.

இளஞ்சிவப்பு நாடாவின் வரலாறு இதனினும் ஆழ்ந்து நோக்கத் தக்கது. கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்னும் மூதாட்டி இருந்தார். அவருடைய பாட்டி, உடன்பிறந்தாள், மகள் மூவரையும் மார்பகப் புற்றுநோய் பற்றியது. அவர் தம் வீட்டிலேயே பீச்சுப் பழ நிறத்தில் நாடாக்களை மடித்து, ஐந்தைந்தாக அட்டையில் கோத்து விநியோகித்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர், அதில் தடுப்புக்குச் செல்வது 5 விழுக்காடே என்று அவ்வட்டை கணக்குக் கேட்டது. 1992இல் ஓர் இதழும் அழகுப் பொருள் நிறுவனமொன்றும் அந்நாடாவைத் தமதாக்க விரும்பின. இது வணிகமாகிவிடும் என்று அம்மாது மறுத்தார். வழக்கறிஞரைக் கலந்தனர், நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றனர் வழக்கறிஞர். இளஞ்சிவப்பு பிறந்தது அவ்வாறே. நிறம் மாறிய அன்றே கேள்வியும் அட்டையிலிருந்து கழன்று விழுந்தது. நாடா மட்டும் முகப்பூச்சுப் பெட்டிகளில் ஏறி உலகைச் சுற்றி வந்தது. இந்நாடாவை நான் குறை கூறுவது இதனாற்றான். நிறத்தின் மீது எனக்குப் பகையில்லை.

நிறத்திற்கு இயல்பான பொருள் உண்டென்று கருதுவதும் பிழை. ஊதா நாடாவை மறதி நோய்க்கு அணிவோர் உளர். கணையப் புற்றுக்கும், இல்லத்தில் அடிபடும் பெண்டிருக்கும் அணிவோரும் உளர். கனடாவில் 1991இல் பெண்கள் மீதான வன்முறையை எதிர்த்து ஆடவர் வெண்ணிற நாடாவை அணிந்தனர்; நமக்கோ வெள்ளை இஹ்ராமையும் கஃபனையும் நினைவூட்டும். காஞ்சி நெசவாளர் மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று கண்ணால் கண்ட பொருளைக்கொண்டு நிறத்திற்குப் பெயரிட்டனர்; கேட்ட மாத்திரத்தில் நிறம் விளங்கும். நாடாவின் நிறமோ எவரோ விதித்தது. விளக்கக் குறிப்பின்றி விளங்காது.

நம் தமிழிலும் அணிந்து அறிவிக்கும் மரபு உண்டு. ஆநிரை கவர்வோர் வெட்சி சூடினர். மீட்போர் கரந்தை சூடினர். எதிர்நின்று பொருவோர் தும்பை சூடினர். பூவைக் கண்டவன் செயலை அறிந்தான், ஏனெனில் பூச்சூடியவன் வீடு திரும்பாமல் களத்திற்கே சென்றான். டிசம்பர் 7ஆம் நாள் குத்தப்படும் முப்படைக் கொடியும், உண்டியலில் காசு விழுந்த பின்னரே சட்டைக்கு வருவதால், இம்மரபுக்குச் சற்று அணுக்கமானது.

இவ்வூர்க் கூரத்திற்கும் இதில் ஒரு சொல் உண்டு. கூரத்தாழ்வான் பகலெல்லாம் ஏழையருக்கு அன்னமிட்டு இரவில் மாளிகைக் கதவை அடைக்க, அவ்வோசை காஞ்சிக் கோயில் வரை கேட்டதாக வைணவர் மரபு கூறும். தம் ஈகை ஓசையாயிற்றே என நாணி, செல்வமனைத்தையும் துறந்து அவர் திருவரங்கம் சென்றாராம். மாற்றுச் சமயத்தார் கதையாயினும் நமக்கு அந்நியமன்று. திருமறையின் அல்பகரா அத்தியாயம் 271ஆம் வசனம், வெளிப்படையாக வழங்குவதையும் நன்றென ஏற்று, மறைவாக ஏழையருக்கு வழங்குவதை அதனினும் மேலாக வைக்கிறது. ஆகவே நாடா அணிவதே கூடாதென்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. வெளிப்படைக்கும் பயனுண்டு; அப்பயன் நம் வீடுகளுக்குள் வந்ததா என்பதே என் வினா.

வரவில்லை என்றே கூறவேண்டியிருக்கிறது. அக்டோபர் திங்கள் தோறும் இளஞ்சிவப்பு ஊரெல்லாம் ஒளிர்கிறது; நம் இல்லங்களிலோ மார்பில் தட்டுப்பட்ட கட்டியைத் தாய் மகளிடமும் உரைப்பதில்லை. 'கேன்ஸர்' என்னும் பெயரையே 'அந்த நோய்' என மறைக்கிறோம். இதற்கு ஹயா என்று பெயர் சூட்டுவது பொருந்தாது. அன்சாரிப் பெண்களின் நாணம் மார்க்கத்தைக் கேட்டறிய அவர்களுக்குத் தடையாகவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிமொழி பணிக்கிறது. நிர்ப்பந்த நிலையில், பெண் மருத்துவர் கிட்டாவிடின், ஆண் மருத்துவர் தேவையான அளவு பார்ப்பதற்கும் ஃபிக்ஹு நூலோர் இடமளித்துள்ளனர்.

காஞ்சியிற் பிறந்த அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரால் அரசு நடத்தும் புற்றுநோய் மருத்துவமனை நமக்கு அண்மையில் காரைப்பேட்டையிலேயே இருக்கிறது. முப்பது வயது கடந்த பெண்டிருக்கு மார்பகப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. இதனைப் படிக்கும் ஆடவர், இப்பக்கத்தை மடித்து வைக்குமுன் வீட்டுப் பெண்டிரிடம் கொடுத்துவிடுக.